யாரும் இறக்காத டீபக் பேக்கேஜ்

மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டித் தருகிறவனுக்கு அதைப் பயன்படுத்துகிறவர் முகம் தெரியாது; அதனால்தானோ என்னவோ, என் நிரலைப் பயன்படுத்தும் ஸ்டெல்லா என்பவர் சொன்ன ஒரு சம்பவத்தைப் பல வருடங்களாக நான் முழுசாக நம்பியதில்லை. சம்பளமில்லாமல் இதே வேலையைச் செய்துவரும் உங்களுக்கும் இப்படி ஒரு சந்தேகம் இருக்கும்.

சோறும் ஊறுகாயும்

எனக்குப் பிழைப்பு, தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் மின்பராமரிப்பு. ஓய்வு நேரத்தில் ஓர் இலவச இயங்குதளத்துக்காகச் சின்ன நிரல் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். லாரி எடைமேடை காட்டும் எடையைக் கணினிக்குக் கொண்டுவருவது அதன் வேலை. நிரல் பாதியில் நின்றுபோனால், எங்கே நின்றது என்பதற்குத் திரையில் வெறும் கேள்விக்குறிகள்தான் வரும். கூடவே, பிழை தேட உதவும் டீபக் (debug) பேக்கேஜ் இருந்தால் அந்த இடத்தின் பெயரும் வரி எண்ணும் தெரியும். அதையும் நானே தனியாகக் கட்டி வந்தேன். நிரலைவிட அது பல மடங்கு பெரியது; யாரும் அதை இறக்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. கேன்டீனில் இதைக் கேட்ட ஃபிட்டர் முனுசாமி சொன்னார்: "இன்னா சார் இது, சோறு ஒரு கிண்ணம், ஊறுகா ஒரு அண்டாவா?"

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு போன்

ஸ்டெல்லா அங்கே ஓர் இரும்பு ஆலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர். எடைமேடையில் என் நிரல் அடிக்கடி நின்றது. ஆபரேட்டர் எத்திராஜ் எதையோ தப்பாக அழுத்துகிறார் என்று அவரை வேலையைவிட்டு அனுப்பத் தயாரானார்கள். ஸ்டெல்லா தேடிப் பார்த்ததில், லாரி சீக்கிரம் இறங்கினால் பாதி எண் வந்து நிரல் விழுவது தெரிந்தது. திருத்தத்தை எனக்கு அனுப்பினார், சரியாக இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்கு மட்டும் தடயம் எதையும் இணைக்கவில்லை. போனில்தான் சொன்னார்: "உங்க டீபக் பேக்கேஜ்தான் சார் அவர் வேலைய காப்பாத்திச்சு."

ஒரு தன்னார்வலரின் மடல்

பிறகு இயங்குதளத்தில் முறை மாறியது. டீபக் தகவலை இனி பேக்கேஜ்களைக் கட்டும் இயங்குதளக் கணினியே எடுத்து, இணையத்தில் ஒரு தனிக் களஞ்சியத்தில் வைத்துவிடும். கையால் கட்டியவற்றை எல்லோரும் நீக்கவேண்டும். முகமறியாத ஒருவர் என் பேக்கேஜுக்கான மாற்றத்தைத் தானே எழுதி அனுப்பியிருந்தார். சில வரிகளை அழித்தால் போதும். நான் தள்ளிப்போட்டேன். எத்திராஜ் போன்றவர்களுக்காகவா, எனக்குக் கிடைத்த அந்த ஒரே பாராட்டுக்காகவா? எனக்கே தெரியவில்லை. மாற்றத்தை அனுப்பியவர் கோபிக்காமல் எழுதினார்: "எதுவும் போய்விடவில்லை, இடம்தான் மாறுகிறது. உங்களுக்கு ஒரு வேலை குறைகிறது."

எடைமேடையில்

ஒரு சங்கடம் இருந்தது. ஸ்டெல்லாவின் ஆலைக் கணினிகளுக்கு இணையம் கிடையாது. எல்லாவற்றையும் டிஸ்கில் நகலெடுத்து வருவார். புதுக் களஞ்சியம் அந்த நகலில் தானாக வராது. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போனேன். இருவரும் அதை டிஸ்கில் சேர்த்து, பழைய நிரலை வேண்டுமென்றே விழவைத்தோம். பெயரும் வரி எண்ணும் அழகாக வந்தன. அங்கேயே உட்கார்ந்து என் வரிகளை அழித்தேன். எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எத்திராஜ், டீயை நீட்டியபடி சொன்னார்: "பேர் வந்தா போதும் நைனா. போன தபா மெஷினு பேர் எதுவும் சொல்லலன்னுதான் என் பேர போட்டாங்க."

அந்த முகம்தெரியாத மனிதருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன், ஆனால் என் சந்தேகத்துக்கென்று எந்தக் களஞ்சியத்திலும் டீபக் பேக்கேஜ் இல்லாததால், வண்டியை எடுக்குமுன் ஸ்டெல்லாவிடமே கேட்டேன்: "அன்னிக்கு நெஜமாவே என் பேக்கேஜ போட்டுத்தான் கண்டுபிடிச்சியாம்மா, இல்ல நான் சோர்ந்துடக் கூடாதுன்னு சொன்னியா?"