லுங்கிப் படகுகளுக்கு ஒரு மிஷின்

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இன்றைய தேதிக்கு ஒரு பழைய லுங்கிகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் ஜான்சி வாங்கிப்போய் வெட்டிவிட்டாள். சில வீட்டில் கேட்டு வாங்கினாள், சில வீட்டில் கெஞ்சி வாங்கினாள். குப்பம்மா வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை மட்டும் எடுத்துவந்து வெட்டிவிட்டு மறுநாள் சொன்னாள்.

இருபத்திரண்டு வருஷமாக மீன் விற்கிறவள். அதற்கு முன்னால், கல்யாணத்துக்கு முன், ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஒரு சட்டைக் கம்பெனியில் மூன்று வருஷம் காலர் தைத்தாள். கம்பெனி போனது, கைப்பழக்கம் போகவில்லை. மத்தியானம் கூடை காலியானதும் உட்கார்ந்து, துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு விரித்து, அடியில் இன்னொரு துணி போட்டு, மூன்றையும் சேர்த்துத் தைத்துப் போர்வை செய்வாள். படித்தவர்கள் அதைக் குவில்ட் என்கிறார்கள். குப்பத்தில் அதற்குப் பெயர் ஜான்சி போர்வை.

இந்த முறை பெரிதாக ஆசைப்பட்டுவிட்டாள். கரையில் நிற்கும் படகுகள் முப்பத்தெட்டு. ஒவ்வொரு படகுக்கும் அந்தப் படகுக்காரர் லுங்கியிலேயே ஒரு படகு வெட்டி, கட்டம் கட்டமாக ஒரு கடலே செய்வது என்று திட்டம். துணிப்படகுக்கு மேலே முக்கோணமாகப் பாய் வேறு. மோட்டார் வைத்த ஃபைபர் படகுக்கு எதற்குப் பாய் என்று அவள் புருஷன் பக்கிரி கேட்டான்.

"அயகுக்கு" என்றாள்.

முப்பத்தேழு படகு வெட்டியாகிவிட்டது. மீதி ஒன்று பக்கிரியின் சொந்தப் படகு. அவனிடம் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு நீலக்கட்டம் போட்ட லுங்கி. மற்றதெல்லாம் எஞ்சின் ஆயிலில் குளித்தவை. அந்த நீலத்தை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டான். ஊர் லுங்கியெல்லாம் சேர்த்தவளுக்கு வீட்டு லுங்கி கிடைக்கவில்லை என்பதில் குப்பமே சிரித்தது.

அதைவிடப் பெரிய இடி, பன்னிரண்டாவது படகு தைக்கும்போது வந்தது. அவளுடைய சின்ன கரண்ட் மிஷினுக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம் பொடியாக உதிர்ந்துவிட்டது. இந்தப் போர்வை போகவேண்டியது மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் நடக்கும் குவில்ட் கண்காட்சிக்கு. போர்வையைக் கொண்டுவந்து கொடுக்கக் கடைசி நாளுக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. கண்காட்சிக் குழுவின் காரியதரிசி ஸ்ரீரஞ்சனி மாமி, பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தி. நகரில் வெட்டுத்துணி விற்கும் கடையில் ஒரே மூட்டையை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் ஆரம்பித்த சிநேகம் அது. விஷயம் கேட்டதும் மாமி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கே வந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை இருவரும் ஈக்காட்டுத்தாங்கலில் ஹபீபுர் ரஹ்மானின் பட்டறையில் நின்றார்கள். பழைய மிஷின்களைப் பிரித்துக் கழுவி உயிர்கொடுப்பதுதான் அவர் தொழில். அன்றைக்கு விற்பனைக்கு நின்றவை இரண்டு.

ஒன்று கைச்சக்கர மிஷின். கறுப்பு உடம்பு முழுக்கத் தங்கப் பூக்கள், கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவு. இன்னொன்று கால் மிஷின். நீண்ட கை, பெயிண்ட் உரிந்த முதுகு, கீழே இரும்புப் பெடல். எங்கேயோ கூடாரத் துணி தைத்துக்கொண்டிருந்ததாம்.

"சாயங்காலம் ஷோரூம்காரன் வர்றான்மா" என்றார் பாய். "நீ எத்த வுட்டுட்டுப் போறியோ அத்த எடுத்துக்கினு போய்க் கண்ணாடிக்குள்ள வெச்சிருவான். பொடவ பொம்மை பக்கத்துல. அப்பறம் அது தைக்காது."

ஜான்சிக்கு இரண்டும் வேண்டும் போலிருந்தது. ஆனால் வீடு பத்துக்குப் பன்னிரண்டு. ஜன்னலடியில் பக்கிரியின் வலைக்குவியல் கிடக்கும் மூலை ஒன்றுதான் இடம். "ஒரு மிஷினு. ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லித்தான் அவன் வலையை வெளியே எடுத்துப் போட ஒத்துக்கொண்டிருந்தான்.

அவள் முதலில் செய்தது பாயையே திகைக்கவைத்தது. மிஷின் தலையைச் சாய்த்து அடிவயிற்றைப் பார்த்தாள். விரலை விட்டுத் தடவி மோந்து பார்த்தாள். சக்கரத்தைச் சுண்டுவிரலால் சுற்றிக் காதை வைத்துக் கேட்டாள்.

"தங்கச்சி, இது மிஷினு. மீனு செவுளப் பாக்கறாப்ல பாக்கறியே."

"மேல பளபளன்னு கீறதெல்லாம் நம்பக்கூடாது பாய். உள்ள நாறுனா தெரிஞ்சிரும்."

இரண்டும் நாறவில்லை. கெட்டிப்பட்ட எண்ணெய் இல்லை, துரு இல்லை. பாய் நல்ல வேலைக்காரர் என்று ஜான்சி மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை. சொன்னால் விலை ஏறும்.

பையிலிருந்து மிச்சத் துண்டுகளை எடுத்துக் கைமிஷினில் விட்டாள். உள்ளங்கையைவிடச் சின்ன முக்கோணங்கள். ஒன்றைக்கூட மிஷின் கலைக்கவில்லை. பொடிப்பொடியாக, நேராக, எண்ணி வைத்தாற்போல் தையல் விழுந்தது. திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியவில்லை.

"இதையே எடுத்துக்கோ" என்றார் மாமி. "என்ன லட்சணமா இருக்கு பாரேன். ஆத்துல வெச்சிண்டா வரவா எல்லாம் கேப்பா."

எடுத்துவிட்டிருப்பாள். ஆனால் மீன் விற்கிறவள் ஒரு பக்கம் மட்டும் பார்த்து எதையும் வாங்கமாட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த கனத்த கம்பளியை உருட்டி மிஷின் கைக்கடியில் நுழைத்தாள். பாதிதான் போனது. அமுக்கித் தள்ளினாள். வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை மட்டும் அந்தக் கனத்தோடு மல்லுக்கு நின்றது. தையல் கோணிக்கொண்டு போய் நின்றுவிட்டது.

துண்டுகளை இணைக்க இதைவிட உசத்தி கிடையாது. இணைத்த போர்வையைப் பஞ்சோடு தைத்து முடிக்க இதனால் ஆகாது. முப்பத்தெட்டு படகையும் கட்டி முடித்துவிட்டுக் கடலில் இறக்க வழியில்லாமல் நிற்கிற கதை.

கால்மிஷினில் உட்கார்ந்தாள். கம்பளி முழுவதும் நீண்ட கைக்கடியில் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு கையும் துணிமேல், கால் பெடல்மேல். கடகடவென்று ஓடியதில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதுதான், இதுதான் என்று உடம்பே சொல்லிற்று.

பிறகு சின்ன முக்கோணத்தை விட்டாள். ஊசி இறங்கும் துளை பெரிது. துணியின் கூர்முனையை மிஷின் கீழே இழுத்து மென்று துப்பியது. இரண்டாவதையும் மென்றது. மூன்றாவதைப் பாய் குறடு வைத்துப் பிடுங்க வேண்டியதாயிற்று.

"கூடாரம் தெச்ச வாயிம்மா அது. பொடிசுலாம் அதுக்குப் புரியாது" என்றார் பாய் வருத்தத்தோடு.

ஒன்று பொடிசுக்கு, ஒன்று பெரிசுக்கு, இடமோ ஒன்றுக்கு. பதினோரு நாளில் கையால் தைக்கவா முடியும்? முப்பத்தேழு வீட்டுக்காரரும் தினம் மீன் கூடையண்டை வந்து, "இன்னா, நம்ம படகு மெதக்குதா?" என்று கேட்கிறார்களே, அவர்களுக்கு என்ன சொல்வது? நைந்துபோன முக்கோணத்தைத் தொடைமேல் வைத்து நீவிவிட்டாள்.

அப்போது ஒரு குரல் ஞாபகம் வந்தது. பழைய கம்பெனி சூப்பர்வைசர் ஆண்டனியின் குரல், காதுக்குப் பக்கத்தில் நின்று கத்துவது. 'நூல வெட்டாத. அடுத்தத வுடு. அடுத்தத வுடு.' காலருக்குக் காலர் நூல் வெட்டினால் நேரம் போகுமென்று வரிசையாக விடச் சொல்வான். காலையில் முதல் காலர் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு கந்தலை முதலில் ஓட்டச் சொல்வான். மூன்று வருஷமும் அந்த ஆளைத் திட்டாத நாளில்லை.

ஒரு கந்தல் துண்டை மிஷினில் விட்டாள். அது ஓடி முடியுமுன் அதன் வாலை ஒட்டி முக்கோணத்தை வைத்தாள். கந்தல் முன்னே நின்று இழுக்க, நூல் இறுகி நிற்க, முனை மடங்காமல் போய்விட்டது. நூலை வெட்டவில்லை. அடுத்தது. அடுத்தது. மிஷினுக்குப் பின்னால் லுங்கி முக்கோணங்கள் ஒரே நூலில் கோத்துக்கொண்டு இறங்கின. சாமி வீதியுலாத் தோரணம் மாதிரி தரையைத் தொட்டன. எதையும் மிஷின் மெல்லவில்லை.

மாமி ஏதோ கேட்டார். ஜான்சிக்குக் கேட்கவில்லை.

"எதுன்னு கேக்கறேன்டி" என்று மாமி மறுபடி கேட்டார்.

"தெச்சிக்கினு கீறேன் மாமி" என்றாள் தலையைத் தூக்காமல்.

பாய் சிரித்துவிட்டார். கைமிஷினை மாமி தானே எடுத்துக்கொண்டார். கண்ணாடிக்குள் பொம்மை பக்கத்தில் அது நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லையாம். பொடித் துண்டு ஏதாவது ரொம்ப அடம்பிடித்தால் மயிலாப்பூருக்கு வரச்சொன்னார்.

குட்டியானை வண்டியில் மிஷின் குப்பத்துக்குள் நுழைந்தபோது வழியெல்லாம் கூட்டம். ஆறு பேர் தூக்கினார்கள், பன்னிரண்டு பேர் யோசனை சொன்னார்கள். வலையில்லாத மூலையில், ஜன்னலடியில், மிஷின் உட்கார்ந்தது. ஜான்சி உடனே எதிரே உட்கார்ந்துவிட்டாள். சோறு வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒவ்வொரு படகும் தைத்து வர வர, வாசலில் நின்றவர்கள் அது யார் வீட்டு லுங்கி என்று கத்தினார்கள்.

இருட்டுகிற நேரத்தில் பக்கிரி உள்ளே வந்தான். இடுப்பில் மகளுடைய பள்ளிக்கூடத் துண்டு. கையில் நாலாக மடித்த நீலக்கட்டம் போட்ட லுங்கி.

"முன்னாடி ஒரு கந்தல வுடணுன்னியாமே" என்றான் மிஷினைப் பார்த்துக்கொண்டே. "அதுக்கு ஆவும்னா எடுத்துக்க. கிழிஞ்சிதான் போச்சு."

ஜான்சி விரித்துப் பார்த்தாள். எங்கேயும் கிழியவில்லை.

"கந்தல் நெறைய கீது" என்று கத்தரியை எடுத்தாள். "இது முன்னாடி போற படகு."