கட்டுகிறோமா, மோதுகிறோமா

டேல் ஹோர்வத் ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் கேட்கும்போது, ஆபத்து நெருங்க நெருங்கச் சத்தத்தைக் குறைப்பார். எதிரணியின் ஆட்கள் மூன்று தளங்களிலும் வந்து நின்றுவிட்டால் அவர் கை தானாகக் குமிழைத் தேடிப் போகும். வர்ணனையாளரின் குரல் முணுமுணுப்பாகும்வரை திருகுவார். அணைக்க மாட்டார். மகள் கோரின் ஆறு வயதில் இதைக் கவனித்தாள், முப்பத்தொரு வயதிலும் கவனித்துக்கொண்டிருந்தாள். இடையில் அந்த வீட்டில் மூன்று ரேடியோக்கள் மாறின. அம்மா இன்னொருவரோடு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். சமையலறைச் சுவருக்கு வேறு நிறம் வந்தது. குமிழைத் திருகும் கை மட்டும் மாறவில்லை. கெட்ட செய்தி மெல்லிய குரலில் வந்தால் கெடுதல் கொஞ்சம் குறையும் என்று நம்பினாரோ என்னவோ, அவள் கேட்டதில்லை.

ஈரி ஏரியை ஒட்டிய அந்த ஊரின் பேருந்துப் பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் பிரேக் பார்த்தவர் டேல். ஓய்வு பெற்ற பிறகும் விரல் இடுக்கில் கறுப்பு போகவில்லை. ஊர் அணியான ஹெரன்ஸின் மைதானத்தில், மேல்தட்டில், ஒரு தூணுக்கு இடதுபுறம் அவருக்கு ஓர் இருக்கை. வருடா வருடம் புதுப்பித்து, முப்பத்தொரு வருடமாக அதே இருக்கை. கோரின் பிறந்த வருடம் வாங்கியது. அக்டோபரில் தலைசிறந்த அணிகள் மட்டும் கோப்பைக்கு ஆடுகிற ஆட்டங்களில் ஹெரன்ஸ் கால் வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி டோலியின் மதுக்கடை. அங்கே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரே கேள்விதான் ஓடும். இந்த வருடம் கட்டுகிறோமா, மோதுகிறோமா? கட்டுவது என்றால் பேர்பெற்ற ஆட்டக்காரர்களை வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மீசை முளைக்காத பையன்களை வாங்கிக்கொண்டு நான்கைந்து வருடம் பல்லைக் கடித்துக் காத்திருப்பது. மோதுவது என்றால் இந்த வருடமே கோப்பைக்குப் போவது. டேல் எப்போதும் மோதுகிற பக்கம். கட்டுகிற பக்கத்துக்கு வெர்ன் டில்மன். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், டேலுக்கு அடுத்த ஸ்டூலில் இருபது வருடமாக உட்காருகிறவர்.

"நீ கட்டுற வீட்டுல எவன்டா குடியிருக்கப் போறான்?" என்பார் டேல்.

"நீ மோதி மோதி மண்டை வீங்கினதுதான் மிச்சம்" என்பார் வெர்ன்.

இருபது வருடத்தில் வெர்ன் ஒருமுறைகூட விட்டுக்கொடுத்ததில்லை. டேலும்தான். கடையில் மற்றவர்கள் அதை வானிலைச் செய்தி போலக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஜூன் கடைசியில், மேல்தட்டுப் படிகளில் ஏறும்போது டேல் மயங்கி விழுந்தார். பின்னால் வந்த ஒரு தகப்பனும் மகளும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வாரச் சோதனைகளுக்குப் பிறகு மருத்துவர் படம் போட்டுக் காட்டினாள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வால்வு, வைக்கோல் துளை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மயக்கம் வர ஆரம்பித்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது என்றாள். ஆகஸ்ட் ஆறாம் தேதி ஆபரேஷன். அதற்கப்புறம் இரண்டு மாதம் வீட்டில் கிடக்க வேண்டும்.

காரில் திரும்பும்போது டேல் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஹெரன்ஸ் ஆளுங்கள வித்துட்டாங்கன்னா நானும் போய்ப் படுத்துக்கறேன். வெட்டித் தைக்கட்டும். மோதுறாங்கன்னா நான் அங்க இருக்கணும், கோரி. இருபத்திரண்டு வருஷம் காத்துக் கிடந்துட்டு, கடைசி ரெண்டு மாசம் போர்வைக்குள்ள கிடக்க முடியாது. நவம்பர்ல பார்த்துக்கலாம்."

"இதை யாருப்பா முடிவு பண்றது?"

"முப்பத்தொண்ணாம் தேதி தெரிஞ்சுடும்ல."

ஜூலை முப்பத்தொன்று மாலை ஆறு மணி. அதுதான் அணிகள் ஆட்களைக் கைமாற்றிக்கொள்ளக் கடைசி நேரம். வாங்குகிற அணி மோதுகிறது, விற்கிற அணி கட்டுகிறது. அன்றைக்கு ஊருக்கே தெரிந்துவிடும். கடையில் யாரிடமும் ஆபரேஷனைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்றும் டேல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கோரின் அந்தக் குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எந்த வயதில், எந்த நோயோடு இருப்பவர் அடுத்த வருடம் உயிரோடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டுச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அப்பாவின் எண்ணை அவள் எடுத்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு இரவும் ஹெரன்ஸ் தோற்க வேண்டும் என்று விரும்ப ஆரம்பித்தாள். ஆறு வயதிலிருந்து நேசித்த அணி. எதிரணிக்காரன் அடித்த பந்து வேலியைத் தாண்டும்போது அவளுக்கு நிம்மதியாக இருக்கும். பக்கத்தில் அப்பா முகத்தைச் சுளிப்பார். தான் எப்படிப்பட்ட மகள் என்று அவளுக்கே குழப்பம். உண்மையில் அவர் அணிக்காகத்தான் காத்திருக்கிறாரா, இல்லை கத்திக்குப் பயந்து அணியின் பின்னால் ஒளிந்துகொள்கிறாரா என்பதிலும் குழப்பம். கேட்டால் சிரித்துவிடுவார்.

ஹெரன்ஸ் தோற்கவில்லை. ஜூலை மூன்றாவது வாரத்தில் பட்டியலில் முதலிடத்துக்கு மூன்று ஆட்டம்தான் பின்தங்கியிருந்தார்கள்.

அதனால், இந்த வருடம் மோதுவதில் பயனில்லை என்று அப்பாவை நம்பவைக்க அவள் கடைக்குப் போனாள். காகிதத்தில் எண்களோடு போனாள். ஜெயித்த ஆட்டங்களில் பாதிக்கு மேல் ஒரே ஓட்ட வித்தியாசத்தில் ஜெயித்தவை, அது அதிர்ஷ்டம், நிலைக்காது என்றாள். முக்கியப் பந்துவீச்சாளர்கள் இரண்டு பேருடைய தோளும் ஓய்ந்துவிட்டது என்றாள். இப்போது விற்றால்தான் நல்ல பையன்கள் கிடைப்பார்கள் என்றாள். வெர்ன் மேஜையைத் தட்டி ஆமோதித்தார். டோலி துடைத்துக்கொண்டிருந்த கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டாள். டேலுக்கோ முகமெல்லாம் பெருமை.

"கடன் வாங்கிக் காலேஜுக்கு அனுப்பினேன். திரும்பி வந்து என் டீமையே விக்கச் சொல்லுது பாரு" என்று கடை முழுக்கக் காட்டிக்கொண்டார். அவள் சொன்ன ஒரு எண்கூட அவருக்குள் போகவில்லை. மகள் பேசுகிற அழகைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

தன் வார்த்தை எடுபடாது என்று அவளுக்குப் புரிந்தது. அப்பா வாதத்தில் மதிக்கிற ஒரே ஆள் வெர்ன். முப்பதாம் தேதி சாயங்காலம் கடைக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில், அவள் வெர்னைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். நாளைக்கு நீங்கள் பலமாகப் பேச வேண்டும், இது கட்டுகிற வருடம்தான் என்று எப்படியாவது அவரை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும் என்று கேட்பதாக இருந்தாள்.

பாதிதான் சொன்னாள். வால்வைப் பற்றிச் சொன்னாள். ஆகஸ்ட் ஆறைப் பற்றிச் சொன்னாள். ஆபத்து எவ்வளவு என்பதையும் எண்ணோடு சொன்னாள். வெர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மீதியைச் சொல்ல வாயெடுத்தபோது அது எவ்வளவு கோமாளித்தனமாக இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. என் அப்பா தன் உயிரை ஒரு பந்தாட்டத்தின் மேல் வைத்திருக்கிறார். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிய அதே நாக்கு இப்போதும் மடங்கிக்கொண்டது. வெர்ன் எப்படியும் நாளைக்குக் கட்டுகிற பக்கம்தானே பேசப் போகிறார், இருபது வருடமாகப் பேசுகிறவர்தானே என்று சமாதானம் செய்துகொண்டாள்.

"உங்களுக்குத் தெரியட்டும்னுதான் சொன்னேன், மாமா. நான் சொன்னேன்னு அப்பாகிட்ட காட்டிக்காதீங்க."

"காட்டிக்க மாட்டேன், பொண்ணே" என்றார் வெர்ன். அவர் கண் சிவந்திருந்தது.

மறுநாள் புழுக்கம். ஏரிக்கு மேல் மேகம் கறுத்து நின்றதே தவிர மழை இறங்கவில்லை. ஐந்து மணிக்கே கடை நிறைந்துவிட்டது. ஐந்தரைக்குச் செய்தி வந்தது. ஹெரன்ஸின் முதல்தர மட்டையாளன் ப்ரூயிட்டை மேற்குக் கரை அணி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பையன்களை வாங்கியிருந்தார்கள். கோரினுக்கு மூச்சு திரும்பியது. விற்றுவிட்டார்கள். டேல் பீர் கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது இன்னொரு செய்தி. முப்பத்தாறு வயதுப் பந்துவீச்சாளன் ஒருவனை, கோப்பை ஜெயித்துப் பழகியவனை, ஹெரன்ஸ் வாங்கியிருந்தார்கள்.

அப்புறம் ஆறு அடித்துவிட்டது.

விற்றும் இருக்கிறார்கள், வாங்கியும் இருக்கிறார்கள். இது என்ன? கடை இரண்டாகப் பிளந்தது. ப்ரூயிட் போனபிறகு யார் அடிப்பது என்றார்கள் சிலர். ப்ரூயிட்டுக்கு முழங்கால் போய்விட்டது, பந்துவீச்சுதான் அக்டோபரில் காப்பாற்றும் என்றார்கள் சிலர். கோரின் தன் எண்களை எல்லாம் மறுபடி எடுத்தாள். முப்பத்தாறு வயதுக்காரனை வாங்கியது டிக்கெட் விற்பதற்கான கண்துடைப்பு, இவர்கள் கட்டுகிறார்கள், வேறொன்றுமில்லை என்றாள். அவள் குரல் ஏறியிருந்தது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

டேல் கையைத் தூக்கி நிறுத்தினார். வெர்ன் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன்டா வாயே திறக்கல? இருபது வருஷமா தொண்டை கிழியக் கத்துவியே. சொல்லு. இது என்ன?"

வெர்ன் டேலைப் பார்த்தார். உதட்டோரத்தில் இருந்த நீலத்தைப் பார்த்தார். இரண்டு படி ஏறி ஸ்டூலில் உட்கார்ந்ததற்கே நெஞ்சில் வைத்திருந்த கையைப் பார்த்தார். அவர் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். கோரினுக்கும் தெரியும்.

"மோதுறோம்டா" என்றார் வெர்ன். "இந்த வருஷம் மோதுறோம்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"என்ன சொன்ன?"

"காது போச்சா? மோதுறோம்னேன். நீ சொன்னதுதான் சரி. எழுதிக் குடுக்கணுமா?"

"மாமா, நேத்து வரைக்கும் நீங்களே..." என்று கோரின் ஆரம்பித்தாள். வெர்ன் அவளைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தார். நோயாளி நண்பனுக்கு ஒரு நல்லது செய்துவிட்ட திருப்தி அந்த முகத்தில் இருந்தது. இத்தனை பேர் முன்னால், அப்பா முன்னால், என்ன சொல்வது?

டேல் கிளாஸைத் தூக்கினார். அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

"இருபது வருஷத்துல முதல் தடவை, டோலி, நீயும் கேட்டேல்ல? வெர்ன், உனக்கு நான் ஒண்ணு கடன்பட்டிருக்கேன். அடுத்த சீசன்ல ஒரு நாள், நீ உளறினாக்கூட பரவால்ல, இதே ஸ்டூல்ல உக்காந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன், நீ சொன்னதுதான் சரின்னு."

"வாங்காம விடமாட்டேன்" என்றார் வெர்ன்.

மறுநாள் காலை டேல் மருத்துவமனைக்குப் போன் செய்து தேதியை நவம்பர் பன்னிரண்டுக்கு மாற்றினார். கோரின் கெஞ்சினாள், கத்தினாள், மருத்துவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். கடைசியில், வெர்னிடம் தான் சொல்லிவிட்டதையும், அவர் இரக்கத்தில்தான் அப்படிப் பேசினார் என்பதையும் போட்டு உடைத்தாள். டேல் நம்பவில்லை.

"வெர்ன் பொய் சொல்வான். எங்க அம்மா செத்தப்போ ‘நல்லா இருக்காங்கடா’ன்னு சொன்னவன். ஆனா பேஸ்பால்ல பொய் சொல்ல மாட்டான். உனக்கு அவனைத் தெரியாது."

ஆகஸ்டில் ஹெரன்ஸ் பதினைந்து ஆட்டத்தில் பதினொன்று ஜெயித்தார்கள். கடை ஜன்னல்களில் கொடி தொங்கியது. முடிவெட்டுகிறவர் முதல் ரொட்டிக்கடைக்காரர் வரை அக்டோபரைப் பற்றிப் பேசினார்கள். ஊரே சிரிக்கச் சிரிக்கக் கோரின் நவம்பர் பன்னிரண்டுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். மேல்தட்டுப் படிகளில் டேல் முதலில் ஓர் இடத்தில் நின்றார், பிறகு இரண்டு இடத்தில், பிறகு நான்கில். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறியது. அவர் கைப்பிடியைப் பிடித்தபடி மைதானத்தை ரசிப்பவர் போல நிற்பார். பின்னால் ஒரு படி தள்ளி அவள் நிற்பாள். எல்லா ஆட்டத்துக்கும் அவளால் போக முடியவில்லை, வேலை இருந்தது.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி பகல் ஆட்டம். டேல் தனியாகப் பேருந்தில் போனார். மைதான நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவர் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. ஓட்டுநருக்குப் பணிமனையிலிருந்தே அவரைத் தெரியும். தூங்குகிறார் என்று நினைத்து, "டேல் அண்ணே, இறங்குங்க, ஆட்டம் ஆரம்பிச்சுடும்" என்று இரண்டு முறை கூப்பிட்டான். மூன்றாவது முறை கூப்பிடாமல் எழுந்து வந்தான்.

அன்றைக்கு ஹெரன்ஸ் ஜெயித்தார்கள். சீசன் முடிவில் ஒரே ஓர் ஆட்டம் குறைவாக, அக்டோபருக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

அடக்கத்தன்று வெர்ன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியில சந்தோஷமா இருந்தான்ல? அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது அவனுக்கு நல்லதாப் போச்சுல்ல?" என்று கேட்டார். கோரின் தலையாட்டினாள். ஆபரேஷனை டேல் எதற்காகத் தள்ளிப்போட்டார் என்று அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானாகச் சொல்லாமல் இருப்பது அவருக்காகவா, எனக்காகவா என்று அவள் அன்றிலிருந்து தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் நாளுக்கு நாள் மாறுகிறது.

ஏப்ரலில் சீசன் ஆரம்பித்ததும் டோலி அவளைக் கூப்பிட்டனுப்பினாள். டேலின் ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. வெர்ன் வழக்கம்போலக் கட்டுவதைப் பற்றிப் பேசினார். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் பேச்சு நடுவிலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கோரின் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பன் எனக்கு ஒண்ணு பாக்கி வெச்சுட்டுப் போயிருக்கான், தெரியும்ல?"

"தெரியும் மாமா. நீங்க சொன்னதுதான்..."

"நீ சொல்லாத" என்றார் வெர்ன். "அது அவன் சொல்ல வேண்டியது."