நமக்குப் பந்து

எனக்கு முதல் பந்து கிடைத்தது ரத்தக் கொதிப்பின் புண்ணியத்தில். கப்பல் ஆபீசில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஒருநாள் தலை கிறுகிறுத்தது. அவரோடு ஆஸ்பத்திரிக்கு நானும் தொற்றிக்கொண்டேன். டாக்டர் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி, கறுப்பு ரப்பர் பந்து ஒன்றைப் பிசைந்து பிசைந்து காற்றடித்தார். என் கண்ணெல்லாம் அந்தப் பந்தின் மேல்தான். அவர்கள் பேசிய இந்தியில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. கடைசியில் மட்டும் டாக்டர் விரலை ஆட்டி, நல்ல தமிழில் பேசினார்.

வீட்டில் அம்மா கேட்டதும் முந்திக்கொண்டேன். "நமக்குப் பந்துன்னாரும்மா!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமா, பொண்ணுக்கு ஒரு பந்து வாங்கிக் குடுக்கச் சொன்னாரு. எனக்கு வெறும் அலுப்புதான்."

மறுநாளே அபர்டீன் பஜாரிலிருந்து சிவப்புப் பந்து வந்தது. அப்பா வழக்கம்போல் கருவாட்டுக் குழம்பின் மேல் உப்பும் தூவிச் சாப்பிட்டார்.

நானும் அம்மாவும் அப்பா இருந்த தீவுக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. ஊரிலிருந்து கப்பலில் வரும் உப்பு நார்த்தங்காய் இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அவளுக்குத் தெரிந்த இந்தி 'பந்த்' ஒன்றுதான். சாமான் வாங்க மறந்த நாளெல்லாம் அப்பா, "கடை பந்த்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு வங்காளி மாமி கிண்ணத்தோடு வந்து, "தீதி, நமக் ஹை?" என்றாள். அம்மா விழித்தாள். மாமி உப்பு ஜாடியைத் தொட்டுக் காட்டினாள். "நமக், நமக்" என்று சொல்லிப் பார்த்தபடியே உப்பை அள்ளிய அம்மாவின் கை அப்படியே நின்றது.

மாமி போனதும் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். "டாக்டர் சொன்னத அவர் மாதிரியே சொல்லு."

விரலை ஆட்டிச் சொன்னேன். "நமக் பந்த்!"

உப்பை நிறுத்து! அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பெரிய மாமாவை ரத்தக் கொதிப்பு கொண்டுபோனது முந்தைய வருஷம்தான். எனக்கோ பந்தைப் பிடுங்கிவிடுவாளோ என்று பயம்.

அன்று மாலை கருவாடும் இல்லை, குழம்பில் உப்பும் இல்லை. ஒரு வாய் வைத்த அப்பா நிமிர்ந்தார்.

"நமக் பந்த்" என்றாள் அம்மா.

தீவில் அவள் பேசிய முதல் இந்தி அது. அப்பா என்னைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், உப்பில்லாக் குழம்பையே பிசைந்து சாப்பிட்டார். பின்னாளில் பேரப்பிள்ளைகளோடு பந்தாடும் வரை நன்றாகத்தான் இருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு மட்டும் அம்மா தனியே உப்புப் போட்டுக் கொடுத்தாள். நார்த்தங்காய் ஜாடியை மறுநாள் அப்படியே வங்காளி மாமியிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் குழம்பையே தன் சோற்றிலும் ஊற்றிக்கொண்டாள். அம்மாவுக்கு நார்த்தங்காய் அலுத்துவிட்டது போலும் என்று நினைத்தபடி நான் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.