மூச்சுக்கு விட்ட இடம்

ஷெஃபீல்டில் ஓர் எஃகு ஆலையில் வில்ஃப் ஓல்ட்ராய்ட் ஃபிட்டர். பதினாறு வயதில் ஆலையின் பேண்ட் குழுவில் சேர்ந்து, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்தே ஊதப் பழகியவன். இருபத்தெட்டு வயதில் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு ஒரு ராக் குழுவில் சேர்ந்தான். மற்ற நால்வரும் அவனைவிட எட்டு வயது சின்னவர்கள். அவர்களுக்கு நீளமுடி, இவனுக்கு முன்மண்டையில் வழுக்கை ஏறிக்கொண்டிருந்தது.

1965ஆம் வருடக் குளிர்காலத்தில் அவர்களுக்கு ஓர் அமெரிக்க ரெக்கார்ட் கிடைத்தது. கறுப்பர் ஒருவர் உருகிப் பாடிய 'ஸோல்' வகைப் பாட்டு. அவர் ஒரு வரி பாட, இரண்டு சாக்ஸபோன்கள் பதில் சொல்லும். அந்தப் பதில்தான் பாட்டின் உயிர். வேலை முடிந்து வந்து, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, அதை முழுதாகக் காதிலேயே பிடித்தான் வில்ஃப். அங்கே ஊதியவர்கள் இரண்டு பேர், இங்கே இவன் ஒருவன். மூன்றாவது பதிலில் மூச்சு போதவில்லை. நடுவில் ஒரு சுரத்தை விட்டுவிட்டு அங்கே மூச்சு வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை நடனங்களில் அந்தப் பாட்டு வந்தால் ஜனங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடைக்குக் கிட்டே வந்துவிடுவார்கள். லண்டன் ரெக்கார்ட் கம்பெனி ஆள் ஒருவர் வந்து கேட்டார். பதிவுக்குக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வில்ஃப் ஆலை முழுக்கச் சொல்லி வைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கிதார் வாசிக்கும் டெரிக் ஸ்டானிலாண்ட் வில்ஃபைத் தேடி அவன் வீட்டுக்கு வந்தான்.

"அடுத்த ரெண்டு சனிக்கிழமையும் உனக்கு ஷிஃப்ட்தானே? அந்தப் பாட்டை விட்டா ஜனங்க சண்டைக்கு வரும். உன் பங்கைச் சொல்லிக்குடு வில்ஃப், கிதார்ல சமாளிக்கிறேன்."

கிதார் ஒலியைக் கரகரக்கச் செய்யும் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான்.

"டப்பாக்குள்ள குளவி மாட்டுன மாதிரி இருக்கே" என்று சிரித்தான் வில்ஃப். ஆனாலும் நாலு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். "பாடுறவன் வாயை மூடுனதும் பாயாதே. ஒரு நொடி அவனைக் காக்க வை." மனைவி ஜாய்ஸ் டெரிக்குக்கு இரண்டாம் தடவையும் மாட்டிறைச்சி வைத்தாள்.

பிறகு ஆறு வாரம் குழு அவனைக் கூப்பிடவே இல்லை. பாடகனுக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வில்ஃப் நம்பினான்.

ஒரு நாள் ஆலை கேன்டீனில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சிட்னி முட்டைக்கோஸை மென்றபடி நிமிர்ந்தான்.

"டேய், இது உங்க பாட்டுடா. எங்ககிட்ட மூச்சு விடாம லண்டன் போயிட்டு வந்துட்டியா?"

வில்ஃப் முள்கரண்டியைக் கீழே வைத்தான். சாக்ஸபோன் இல்லை. கரகரத்த கிதார் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாவது பதிலின் நடுவில் அதே ஒரு சுரம் இல்லை. கிதாருக்கு நுரையீரல் கிடையாது. அது அங்கே நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

"உன் சத்தத்தைக் காணோமேப்பா?" என்றான் சிட்னி.

"அதைத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன்."

மறு சனிக்கிழமை காலை டெரிக் புதுத் தோல் ஜாக்கெட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு ரெக்கார்ட்.

"எல்லாம் அந்த லண்டன்காரன்தான். சாக்ஸபோன் பழசாப் போச்சாம். போட்டோவுல நாலு தலை போதுமாம், அதுவும் முடி இருக்கிற தலை." சிரிக்கப் பார்த்தான், யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. "அடுத்த பாட்டு இது. இதுலயும் சாக்ஸ் வருது. நீ ஒரு தடவை கேட்டுச் சொன்னேன்னா..."

"அவன் எப்ப சொன்னான்?" என்றான் வில்ஃப்.

"ஒரு செவ்வாய்க்கிழமை."

"எந்தச் செவ்வாய்?"

டெரிக் தன் ஷூவைப் பார்த்தான். "நான் இங்க வந்தேன்ல, அதுக்கு முந்தின செவ்வாய்."

ஜாய்ஸ் குழாயை மூடினாள். "ரெண்டாம் தடவை வாங்கித் தின்னியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும். சொல்லியிருந்தா இவன் சொல்லிக்குடுத்திருப்பானா, ஜாய்ஸ்?"

எதையும் நிதானமாக யோசிப்பதுபோல் இதையும் வில்ஃப் யோசித்தான். அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"குடுத்திருப்பேன்டா" என்றான்.

டெரிக்கின் முகம் தெளிந்தது. ரெக்கார்டை நீட்டினான். வில்ஃப் கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"அப்பக் குடுத்திருப்பேன். கதவைச் சாத்திட்டுப் போ, குளிருது."