இரண்டு பேருக்கு எழுதிய மருந்து

என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். மல்லசமுத்திரத்தில் வண்டி ஏறினால் மத்தியப் பிரதேசத்தில்தான் இறங்குவார், மழைக்காலத்தில்தான் வீடு. எங்களுக்கு ஒரு பெண். இன்னொன்றும் வேண்டும், ஆனால் இரண்டு வருஷம் போகட்டும் என்று கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தேன்.

ஒரு மழைக்கு அவர் வந்த சில நாட்களில் எனக்கு அடிவயிற்றில் வலி, காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்போக்கு. "அந்த மாத்திரைச் சூடுதான்" என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். இளநீரும் வெந்தயமும் கொடுத்தார். கிருமிக்கு இளநீர் ரொம்பப் பிடித்துவிட்டது போல, வலி இரட்டிப்பானது.

திருச்செங்கோட்டில் ஒரு பெண் டாக்டரிடம் நானும் கணவரும் போனோம். கருப்பையிலும் குழாயிலும் தொற்று என்றார். உடலுறவில் வந்திருக்கிறது, கருத்தடை மாத்திரை பிள்ளையைத் தடுக்குமே தவிர இதைத் தடுக்காது, இருவரும் மருந்து சாப்பிடாவிட்டால் திரும்ப வரும், குழாய் அடைத்துக்கொண்டால் அப்புறம் பிள்ளை கஷ்டம் என்று எங்கள் இருவரையும் பார்த்தே சொன்னார். என் கணவர் சுவரில் இருந்த குழந்தைப் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். முந்நூறு அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறவர், தன் உடம்பில் கிருமி இருப்பதை மட்டும் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் என் கணவருடைய மருந்துக் கவரையும் என் கையில் திணித்தார்.

"ரண்டையும் நீயே போட்டுக்க கண்ணு. அவனுக்கென்ன, கல்லாட்டம் இருக்கறான்."

"ஏனுங்க, டாக்டர் சொன்னது காதுல உழுந்துச்சுங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லேங்கறேன், உடு."

வயிறு புரட்டப் புரட்ட இரண்டு பேர் மருந்தையும் நானே தின்றேன். பன்னிரண்டாவது வரை படித்தவள் செய்கிற காரியமா இது? அவர்கள்மேல் இருப்பதைவிட என்மேல்தான் எனக்கு எரிச்சல்.

வலி நின்றது. அடுத்த மாதமே திரும்ப வந்தது. அதற்கடுத்த மழைக்கும் வந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளைக்காக மாத்திரையை நிறுத்தினேன். மாதங்கள்தான் போயின. கருப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இரண்டு குழாயும் அடைப்பு. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

போன மாதம் ஒரு காதுகுத்து விருந்து. பக்கத்தில் இருந்தவர்களிடம் மாமியார் என்னைக் காட்டி, "கருத்தடை மாத்திரையைத் தின்னு வகுத்தக் கெடுத்துக்கிட்டா" என்றார். கணவர் எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் தின்னதால அடைக்கலீங்க அத்தை. உங்க மவன் அவரு மருந்தத் திங்காததால அடச்சுது" என்றேன், பந்திக்கே கேட்கும்படி.

யாரும் நிமிரவில்லை. என் கணவர் மட்டும் ரசம் கேட்டார்.