மீட்டர் அக்காவின் பதினேழு வோல்ட்

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிப்பவர்கள் உண்டு. மீட்டர் அக்காவுக்கு மீசையே இல்லாததால் மண் ஒட்டவும் வழியில்லை. பைக் வயரிங்கில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தப்பை ஒத்துக்கொள்ளாததிலும் அப்படித்தான். பால் பொங்கினால் அடுப்பின் குற்றம், பஸ் போய்விட்டால் பஸ்ஸின் குற்றம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

ஷெட்டில் பாதி அவளுடையது. மறுபாதியில் அவள் வீட்டுக்காரர் பைக்குகளுக்குப் பெயின்ட் அடிப்பார். நாலு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிற மனிதர். இரண்டு வாரமாக அவரிடம் ஒரு வண்டியும் வரவில்லை. கை சும்மா இருக்காமல் ஷெட் கதவுக்கு அடித்தார், ஏணிக்கு அடித்தார், கடைசியில் அக்காவின் ஸ்பேனர் பெட்டியையும் விட்டுவைக்கவில்லை.

எல்லாம் தபால்காரர் செய்த உபகாரம். தன் பழைய பைக்குக்கு இங்கே நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஹெட்லைட் பல்பு மூன்று போய்விட்டது, பேட்டரி கொதித்து மூக்கைத் துளைக்கிற நெடி வேறு. "அந்த ஆள் கை வச்சா கரன்ட் கோளாறாயிடும்" என்று கடிதத்தோடு சேர்த்து வீட்டுக்கு வீடு விநியோகித்துவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அக்காவுக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்காரரை அவள் திட்டலாம், ஊர் திட்டுவதாவது! தபால்காரரை வண்டியோடு வரவழைத்தாள். பெஞ்சில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள்.

பேட்டரியில் மீட்டரை வைத்து எஞ்சினை முறுக்கினாள். பதினாலரை வோல்ட்டில் நிற்கவேண்டியது பதினேழைத் தொட்டது.

"ஓவர்சார்ஜ். கரன்ட்டை அளவோட விடற ரெகுலேட்டர்தான் போயிருக்கு. பெயின்ட்டாவது, கியின்ட்டாவது!" என்றாள்.

புது ரெகுலேட்டரை மாட்டினாள். அதே பதினேழு.

"புதுசும் போயிடுச்சாக்கா?" என்றார் தபால்காரர், அப்பாவி மாதிரி.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். ஒரு துண்டு வயரை எடுத்து, ரெகுலேட்டரின் உடம்பையும் பேட்டரியின் நெகட்டிவையும் இணைத்தாள். மீட்டர் சட்டென்று பதினாலுக்கு இறங்கியது. வயரை எடுத்தாள், மறுபடி பதினேழு. ஆக, ரெகுலேட்டருக்கு எர்த் கிடைக்கவில்லை. 'போதும், போதும்' என்பது காதில் விழாமல் இலையில் தள்ளிக்கொண்டே இருக்கும் ஆளைப் போல, பேட்டரி நிறைந்தது தெரியாமல் அது கரன்ட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

எஞ்சினை நிறுத்திவிட்டு போல்ட்டைக் கழற்றினாள். ரெகுலேட்டர் வண்டியின் சேசிஸ் சட்டத்தைத் தொடவேண்டிய இடத்தில், வெறும் இரும்பு இருக்கவேண்டிய இடத்தில், எர்த்தை மறித்துக்கொண்டு பளபளவென்று நீலப் பெயின்ட்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த தபால்காரர் துள்ளினார். "நான் சொன்னேன்ல! பெயின்ட்தான்! எல்லாரும் பாத்துக்குங்க!"

அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெயின்ட் அடித்த அன்று வீட்டுக்காரர் அந்த இடத்தில் டேப் ஒட்டி விட்டுவைத்திருந்தார். "கம்பெனிக்காரனே விட்ட இடம், ஏதாவது காரணம் இருக்கும்" என்றார். "சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு ஒரு கேடா? ஒரு இடம் விடாம அடிங்க" என்று டேப்பைப் பிய்த்து எறிந்தது அவளேதான். ஊருக்கெல்லாம் எர்த் பாடம் நடத்துகிறவள்!

வீட்டுக்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நீலத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா தம்பி. நான்தான் கவனிக்காம அடிச்சிட்டேன்" என்றார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் பேசாமல் இருந்திருக்கலாம். வாயைத் திறக்கவே வேண்டாம். ஆனால் அந்த மனிதர் தலை குனிந்து நின்றதை அவளால் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"பொய் சொல்றாரு" என்றாள். "அவர் அந்த இடத்தை விட்டுத்தான் வச்சிருந்தாரு. அடிக்கச் சொன்னது நான். தப்பு என்னோடது."

பெஞ்சு வாயைப் பிளந்தது. அவள் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டை முடுக்கி, எஞ்சினை முறுக்கிக் காட்டினாள். பதினாலு புள்ளி இரண்டு.

"இதையும் வீட்டுக்கு வீடு கொண்டு போய்ச் சேருங்க, தம்பி" என்று எஞ்சினை நிறுத்தினாள்.

எல்லாரும் கலைந்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் நகரவில்லை.

"முன்னாடி தப்பு யாரோடதுன்னு என்னமோ சொன்னியேம்மா? எஞ்சின் சத்தத்துல சரியா கேக்கல."

அதைச் சொன்னபோது எஞ்சின் ஓடவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். முறைத்துப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி மறுபடியும் சொன்னாள்.