மாலே தீவுக்கு நான் போட்ட கரை

1982 ஜூன், வியாழக்கிழமை காலை. உத்திரமேரூரில் பஸ் ஏறும்போதே என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “வசந்தா அங்க நல்லா இல்லன்னா கையோட இட்டுகினு வந்துடு.” எங்கள் மகள் வசந்தாவின் புருஷனுக்கு மாலத்தீவில் வாத்தியார் வேலை. அவள் போய் நாலு மாதம் ஆகிறது. பார்த்து முடிவு செய்யக் கிளம்பிய நான், ராமேசுவரத்தில் கப்பலைப் பார்த்ததுமே, அவளைக் கூட்டி வந்துவிடுவதென்று பாதி முடிவு செய்துவிட்டேன். இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாருக்கு இருபது மைல் சொச்சம்தான். அதற்குள் எங்கள் தாலுகாவிலுள்ள எல்லாச் சாமிக்கும் மொட்டை நேர்ந்துகொண்டேன். என் தலையில் அவ்வளவு முடி கிடையாது.

சனிக்கிழமை, அநுராதபுரம். பயம் போய்விட்டது. இலங்கையின் பழைய ராஜாக்கள் வெட்டிய திஸ்ஸ வாவி அசல் நம் ஏரிதான்: கரை, மதகு, கீழே நெல். அரிப்பு இருக்கிறதா என்று கரையைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தெற்கே போகப் போக மலை, தேயிலை, அருவி. எதற்கும் குறைவில்லாத நாடு.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து விமானம், ஐநூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. கீழே கடலில் வெள்ளை வளையங்களாகத் தீவுகள். ஓடுபாதையின் இரண்டு முனையிலும் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு என் கையை நானே இறுக்கிப் பிடித்தேன். திறந்து பார்த்தால் அது பக்கத்து ஸீட்காரரின் கை. விமான நிலையத் தீவிலிருந்து தலைநகர் மாலேவுக்குத் தோணி.

மாலே ஒரு மைல் நீளம். ஆறில்லை, மலையில்லை, ஏரியில்லை. ஊரின் உயர்ந்த மேடே என்னைவிடக் குட்டை. பவளக்கல் மதில், வெள்ளை மணல் தெரு, சைக்கிள் கூட்டம். பதினாலு வருஷம் முன்புவரை சுல்தான், இப்போது ஜனாதிபதி. மீனை அவித்துப் புகைபோட்டுக் கட்டையாகக் காயவைத்த மாசிக்கருவாடு இங்கிருந்து கொழும்புக்குப் போகிறது. அங்கிருந்து மளிகை வருகிறது. இரண்டு நாட்டையும் மேய்த்துவிட்டுப் போன வெள்ளைக்காரன் இப்போது வெயில் காயத் திரும்ப வருகிறான்.

புதன்கிழமை மத்தியானம் மழை. எங்கள் பக்கம் மழை வலுத்தால் ஆம்பிளைகள் மண்வெட்டியோடு ஏரிக்கரைக்கு ஓடுவார்கள். நானும் ஓடினேன். தெருமுனையில் கடல், கரையே கிடையாது! திரும்பி வந்து, வசந்தா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அலியின் மண்வெட்டியை எடுத்து, தெருமணலை வெட்டி, வாசலை அடைத்து முழங்கால் உயரத்துக்குக் கரை போட்டு மிதித்து இறுக்கினேன். அரைமணியில் சிமெண்ட் முற்றம் நிரம்பி, மாப்பிள்ளையின் செருப்பு மிதந்து சமையலறைக்குள் போயிற்று.

வசந்தா ஓடிவந்தாள். “இன்னா நைனா பண்ணிக்கினு கீற?”

“கடல் உள்ள பூந்துடுச்சும்மா! துணிய மூட்ட கட்டு, ஊருக்குப் போலாம்!”

அலி கொழும்பில் கடை வைத்துத் தமிழ் பழகியவர். தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். “உப்பு இல்லையே ஐயா. மழைத் தண்ணிதானே? அது பாட்டுக்குக் கடலுக்குப் போகும். நீங்கதான் மறிச்சுப்போட்டீங்க.”

வசந்தா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையை ஒரு உதை விட்டாள். தண்ணீர் குபுகுபுவென்று தெருவுக்கு ஓடியது. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடிச் சிரித்தார்கள். அவர்கள் பாஷையில் வசந்தா ஏதோ சொல்ல, இன்னும் பெரிய சிரிப்பு. என்னைப் பற்றித்தான். நாலே மாதத்தில் பெற்ற அப்பனைக் கேலி பண்ணும் அளவுக்குப் பாஷை வந்துவிட்டது! மூட்டை கட்டும் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை.

உத்திரமேரூரில் பஸ் நின்றதும் என் மனைவி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இறங்கவில்லை.

“கொயந்த எங்க? தண்ணிக்கு நடுவுல தனியா வுட்டுட்டு வந்து நிக்கிறியே!”

“தனியாவா? தெருவே கீது அவளுக்கு. அங்க பேஜார் பண்ணது ஒரே ஒரு ஆளுதான். அவனத்தான் கையோட இட்டுகினு வந்துட்டேன்” என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.